ஹெரால்டு கார் பிடிக்கும், கையில் வண்டி இல்லை: கவென்ட்ரியில் கிளப்பில் சேரலாமா?

கவென்ட்ரிக்கு மேற்படிப்புக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மதுரையில் எங்கள் தாத்தாவிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ட்ரையம்ப் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் வயதான வெள்ளைக்காரர்கள். எனக்கு 24 வயது, வண்டியும் இல்லை. நான் போனால் சேர்த்துக்கொள்வார்களா? செலவு எவ்வளவு ஆகும்?"

தாராளமாகப் போங்கள் தம்பி. உங்கள் வயதில் ஒருவர் வரமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் ஊரே ஹெரால்டு பிறந்த ஊர்தான். இத்தாலியரான மிக்கேலோட்டி வடிவமைத்து, 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் அது. கட்டியது கேன்லி தொழிற்சாலையில். அங்கே கார் கட்டுவது 1980-ல் நின்றுபோனது. இப்போது போனால் ஹெரால்டு அவென்யூ என்ற சாலைப் பெயரைப் பார்க்கலாம். அதே காரைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று கட்டி விற்றார்கள். பின்னால் நம் ஊருக்கென்றே நாலு கதவு வைத்த ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். தாத்தாவின் கார் எந்த வகை என்று வீட்டில் விசாரியுங்கள், பழைய படம் இருந்தால் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு கதவு ஹெரால்டின் படத்தை இங்குள்ளவர்களிடம் காட்டினால் போதும், பேச்சு தானாக வளரும்.

ஹெரால்டுக்காரர்கள் அதிகம் இருக்கும் கிளப்புகள் இரண்டு: 1977-ல் தொடங்கிய ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப், இன்னொன்று கிளப் ட்ரையம்ப். சந்தா பெரிய தொகை இல்லை, இதுபோன்ற கிளப்புகளில் வருடத்துக்கு 50 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். வண்டி இல்லாதவர்களும் சேரலாம். மாதம் ஒருமுறை அந்தந்த வட்டாரத்துக்காரர்கள் ஏதாவது ஒரு பப்பில் கூடுவார்கள். பப் என்றதும் தயங்க வேண்டாம். ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்திருந்தால் ஏன் குடிக்கவில்லை என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. முதல் நாள் வானிலை, பார்க்கிங் என்று மேலோட்டமாகத்தான் பேசுவார்கள். அது ஒதுக்குவது இல்லை, அவர்கள் சுபாவம். மூன்றாவது கூட்டத்திலும் உங்கள் முகத்தைப் பார்த்தால் "சனிக்கிழமை என் கராஜுக்கு வாயேன்" என்பார்கள். அந்த அழைப்பை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஏனென்றால் உண்மையான விஷயம் அந்தக் கராஜில்தான் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் கேன்லியில் வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். என் மகளை அப்படி உட்காரவைத்துத்தான் ட்ரனியனைக் காட்டினார். முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே இருக்கும் வெண்கலத் துண்டு அது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது செங்குத்துத் தண்டு இதன் மரைக்குள்தான் சுழல்கிறது. பார்த்தால் கிரீஸ் அடிக்கத்தான் கை போகும். அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகிவிட்டால் மரைக்கு எண்ணெய்ப்பசை எட்டாது. ஈரம் புகுந்து துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சிறு திருகைக் கழற்றி, அந்த இடத்தில் எண்ணெய் ஏற்றும் நிப்பிளை மாட்டி, மேலே எண்ணெய் கசியும்வரை அவளையே ஏற்றச் சொன்னார். அவர் கை வைக்கவே இல்லை.

பழைய கார் அடுத்த தலைமுறைக்குப் போவது இப்படித்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று அலுத்துக்கொள்ளும் கிளப்புகளைக் கவனித்திருக்கிறேன். அங்கே வண்டிகள் கயிறு கட்டி நிற்கும், "தொடாதே" என்ற அட்டையும் இருக்கும். ஸ்பேனரையும் சாவியையும் கொடுக்கிற இடத்தில் பிள்ளைகள் தங்கிவிடுகிறார்கள். கிளப் ட்ரையம்ப் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் ஓட்டம் ஒன்று உண்டு: 48 மணி நேரத்தில் சுமார் 2000 மைல், பிரிட்டனையே சுற்றி வருவார்கள். ஒரு வண்டியில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். சொந்த வண்டி இல்லாத இளைஞருக்கு இதைவிட நல்ல இருக்கை கிடைக்காது. இதையே பிழைப்பாக்க விரும்பும் பிள்ளைகளுக்கு, பழைய விமானப்படைத் தளமான பிஸ்டரில் ஹெரிடேஜ் ஸ்கில்ஸ் அகாடமி இருக்கிறது. பழைய வண்டி வேலையை முறையான தொழிற்பயிற்சியாகவே கற்றுத்தருகிறார்கள்.

ஏப்ரலில் டிரைவ் இட் டே என்று ஒரு ஞாயிறு வரும். 1900-ல் நடந்த ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்தின் நினைவாக, நாடு முழுக்கப் பழைய வண்டிகளை வெளியே எடுப்பார்கள். முதல் அறிமுகத்துக்கு அது நல்ல நாள்.

இனி செலவு. இப்போதைக்கு வண்டி வாங்காதீர்கள். 40 வயது கடந்த வண்டிக்குச் சாலை வரி கிடையாது, பெரிதாக மாற்றி அமைக்காதது என்றால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தர எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. இதைக் கேட்டுவிட்டுச் சபலப்பட வேண்டாம். 25 வயதுக்குள் இன்சூரன்ஸ் கிடைப்பதே பாடு. பல நிறுவனங்கள் அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் இருக்கிறதா என்றும் கேட்கும். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். பெயின்ட் பளபளக்கும், அடியில் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்துப்போயிருக்கும். படுத்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போகாமல் எதையும் வாங்கக் கூடாது. அந்த ஆள் கிளப்பில்தான் கிடைப்பார்.

அதற்குள் செய்ய வேண்டியது லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், அதற்குப்பின் இங்குள்ள தேர்வை எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். சுலபம் என்று ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்துவிடாதீர்கள். அதில் தேறினால் கியர் வண்டி ஓட்ட அனுமதி கிடையாது, ஹெரால்டுக்காரர் சாவியை நீட்டினாலும் வாங்க முடியாது. மேனுவலில் பதியுங்கள்.