ஆர்சி புக் தொலைஞ்சுபோன செகண்ட் ஹேண்ட் பைக்கை வாங்கலாமா?

விலை கம்மியா வருதேன்னுதான் கேக்குறீங்க, தெரியுது. நானும் அதுலதான் விழுந்தேன். ஆர்சில பேர் இருக்கிற ஆள நேர்ல பாக்காம அட்வான்ஸ்கூட குடுக்காதீங்க.

2019ல சித்தப்பா மூலமா ஒரு ஸ்பிளெண்டர், 18,000 ரூபா. "புக்கு தொலைஞ்சிருச்சுப்பா, ஸ்டேஷன்ல எழுதிக்குடுத்துட்டு டூப்ளிகேட் எடுத்துக்கலாம்"னார். ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆச்சு, நான் வேற எதுவும் கேக்கல. ஸ்டேஷனுக்குப் போனா முதல் கேள்வியே வண்டி உன் பேர்ல இருக்கான்னுதான். என் பேர்லயும் இல்ல, வித்தவர் பேர்லயும் இல்ல, அவரே மூணாவது கை. டூப்ளிகேட்டுக்கு ஃபார்ம் 26, பேர் மாத்த 29, 30, எல்லாத்துலயும் ஆர்சில இருக்கிறவர் கையெழுத்துதான் வேணும்.

விசாரிச்சு விசாரிச்சு காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்துல அவர் வீட்டுக்குப் போயிட்டேன். ஆள் குவைத்ல. அவங்கம்மா திண்ணையில உக்காந்து புளியில கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வண்டியப் பாத்ததும் எந்திரிச்சு வந்து, டேங்க்ல பாதி உரிஞ்சிருந்த வேல் ஸ்டிக்கர அந்தப் புளிக்கையாலயே தடவி "எம்புள்ள ஒட்டுனதுய்யா"ன்னாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, "புக்கு எங்க தொலைஞ்சுச்சு, வட்டிக்காரன்கிட்டல்ல கெடக்கு."

பரிவாகன்ல, அதான் கவர்மெண்டோட வண்டி வெப்சைட்ல, நம்பர் போட்டுப் பாத்துட்டேன்னு சொல்வீங்க. நானும் பாத்தேன். பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி லோன் பதிவாகியிருந்தா அதுல காட்டும், இந்த மாதிரி உள்ளூர்ல புக்க அடமானம் வச்சா எங்கயும் காட்டாது. நிஜமாவே தொலைச்சவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, சண்டைக்கு வராதீங்க.

அந்தப் பையன்கிட்ட போன்ல பேசினேன், பேர் மாத்தாம விட்டா நாளைக்கு வண்டி யார் மேலயாவது மோதுனா நஷ்ட ஈடு உங்க தலையிலதான் தம்பி விழும், 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குன்னு எடுத்துச் சொன்னதும்தான் இறங்கி வந்தார். வட்டிக்காரருக்கு 9,500 நான்தான் கட்டி புக்க மீட்டேன். பொங்கலுக்கு லீவுல வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தார், நல்ல பையன்.

அவர்மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. சித்தப்பா இதுல 1,000 ரூபா கமிஷன் வாங்கினார். போன வருஷம் என் பொண்ணு காதுகுத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனார், அந்த வண்டி என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. கூடப்பொறந்த அண்ணன் மகன்கிட்ட கமிஷன் வாங்குவாங்களா, அத மட்டும் என்னால இன்னும் தாங்க முடியல.