உங்கள் குடும்பத்தைப் பற்றித் தாமதமாகத் தெரிந்துகொண்ட கசப்பான உண்மை எது? அதோடு எப்படி வாழ்கிறீர்கள்?

எங்கள் வீடு பர்மாவில், பெகுவில் இருக்கிறது. வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்குச் சாமி முன்னால் ஒரு பழைய பேரேட்டைச் சிவப்புத் துணியில் சுற்றி வைப்போம். கொள்ளுத்தாத்தா எழுதிய கணக்கு. சந்தனம் குங்குமம் வைப்போமே தவிர, யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கரையான் ஏறிவிட்டது என்று நான்தான் துணியை அவிழ்த்தேன்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. முத்து முத்தான கையெழுத்து. நடுவில் 14 புரோநோட்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் கைநாட்டு. ஒரு ரேகையின் குறுக்கே வெட்டுத் தழும்பு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டிருக்கும். பக்கத்தில் 'மவுங்' என்று தொடங்கும் பர்மியப் பெயர், ரூ. 200. பேரேட்டில் அதே பெயருக்கு எதிரே, இரண்டு வருஷம் கழித்து: 'நிலம் 11 ஏக்கர் நம் பேருக்கு.'

கொள்ளுத்தாத்தா செட்டியார் வட்டிக்கடைக்குக் கணக்குப்பிள்ளையாக வந்து, அப்புறம் சொந்தமாக வட்டிக்கு விட்டவர். 1930 வாக்கில் உலகமெங்கும் வந்த மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. அறுத்த நெல்லையெல்லாம் விற்றாலும் கடன் அடையவில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938க்குள் 25 சதவீதமாகிவிட்டது. பெரிய கடைகளுக்கு வேண்டியிருந்தது பணம்தான், சேற்று நிலமில்லை என்பார்கள். அதில் நியாயம் உண்டு. எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. தவணை தவறிய அதே மாதம் நிலத்தை எழுதி வாங்கி, அந்த ஆளுக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறார். 14 பேருக்கும் இதே கதை.

வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் எங்கள் இழப்புதான். 1942இல் ஜப்பான் குண்டுக்குப் பயந்து அசாமுக்கு நடந்தவர்கள் வழியில் காலராவில் செத்தது, 1964இல் கடையை அரசு எடுத்துக்கொண்டது. அத்தனையும் உண்மை. சொல்லிச் சொல்லி அழுவோம். இந்த 14 பேரைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. அத்தையிடம் காட்டினேன். "செத்தவரைக் கூண்டுல ஏத்தாதப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒரு அடி மண் இல்லை. பர்மா சுதந்திரம் பெற்ற பிறகு எல்லாம் போய்விட்டது. தெருவில் 'கலா' என்று, இந்தியரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்லால், யாராவது வைதால் இன்றும் கோபம் வருகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து செத்தவனும் அதே வசவைத்தானே வாங்கினான்? ஆனால் கோபம் அடங்கியதும் அந்தத் தழும்பு கண்முன் வந்து நிற்கிறது.

இப்போது பேரேட்டைப் பூசையில் வைப்பதில்லை. கொள்ளுத்தாத்தா காதில் விழுந்தபடி தமிழில் எழுதிய பெயர்களை, என் மகள் பர்மிய எழுத்தில் சரிபார்த்து ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். ஒன்பது முடிந்திருக்கிறது. தழும்புக்காரர் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்கப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டியிடம் போயிருக்கிறாள்.