மன்னிப்புக் கேட்பீர்களா? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். 2021-இல் ‘கொரோனா ஊசியைப் போடுங்கள், வயது போனவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று எழுதினீர்கள். அப்போதே எதிர்த்து எழுதினேன், பதில் வரவில்லை. இப்போது அஸ்ட்ராசெனெகா நிறுவனமே தங்கள் ஊசியால் இரத்தம் உறையலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. இந்த 2024 மே மாதம் ஐரோப்பியச் சந்தையிலிருந்து ஊசியையே எடுத்தும் விட்டார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எனக்கு 36 வயது. ஒரு ஊசியும் போடவில்லை. ஒருமுறை காய்ச்சல் வந்தது. மல்லித்தண்ணி, ஆவி, பனடோல், அவ்வளவுதான், ஐந்தாம் நாள் எழும்பிவிட்டேன். அம்மாவுக்கு 72, சீனி வருத்தமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட நாட்களில் கிராம அலுவலர், எங்கள் விதானையார், இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார், நான் விடவில்லை. அம்மா இன்றைக்கும் விடிய எழும்பி முற்றம் கூட்டுகிறார். இதை முகப்புத்தகத்தில் எழுதியதற்கு என்னைக் கொலைகாரன் என்றார்கள். கூடப் படித்தவர்கள் நட்பை முறித்தார்கள். சொந்த மச்சான் தன் மகளின் சாமத்தியவீட்டுக்குச் சொல்லவில்லை. என் பதிவைப் பகிர்ந்த நூற்றுக்கணக்கான பேரும் முட்டாள்களா?

எங்கள் தலையில் குண்டு போட்ட அரசு இலவசமாக ஒன்றைத் தருகிறது என்றால் யோசிக்க வேண்டாமா? முஸ்லிம் சனத்தின் கைக்குழந்தையைக்கூட ‘விஞ்ஞானம்’ என்று சொல்லித்தானே எரித்தார்கள்?

நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்களா? இந்தக் கடிதத்தைப் போடத் துணிவு இருக்கிறதா?

(பெயர் வேண்டாம்), வலிகாமம், யாழ்ப்பாணம்

*

அன்புள்ள தம்பி,

வசவுகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை வாசித்துவிட்டு ஏமாற வேண்டாம்.

அஸ்ட்ராசெனெகா கதையை முதலில் முடிப்போம். நிறுவனம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணத்தில் ‘மிக அரிதாக’ என்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு சொல்லும் விழுந்துபோய்விட்டன. சரி, அதை விடுவோம். இது 2024-இல் வெளிவந்த இரகசியமா? 2021 ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே இரத்த உறைவை மிக அரிதான பக்கவிளைவு என்று பகிரங்கமாக அறிவித்தது. அடுத்த மாதம் பிரிட்டன் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொல்லிவிட்டது. அங்கே கணக்குப் பார்த்தபோது ஐம்பது வயதுக்குக் கீழே சுமார் 50,000 பேருக்கு ஒருவர், அதற்கு மேலே சுமார் ஒரு இலட்சத்துக்கு ஒருவர் என்று வந்தது. பத்திரிகையில் அச்சாகிக் கிடந்த செய்தி மூன்று வருடம் கழித்து வட்ஸ்அப் குரல்பதிவாகத் திரும்பி வந்தால் ‘இப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள்’ என்று ஆகிவிடுகிறது. சந்தையிலிருந்து எடுத்ததற்கு நிறுவனம் சொன்ன காரணம், புதிய ஊசிகள் வந்துவிட்டன, இதை வாங்க ஆளில்லை என்பது. நிறுவனங்களை நம்பச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை, வியாபாரிகள் வியாபாரிகள்தான்.

ஆனால் இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. நீங்கள் அம்மாவைப் போக விடாமல் மறித்தது அஸ்ட்ராசெனெகாவுக்கு இல்லையே. இந்தியா கொடுத்த கோவிஷீல்ட், அதாவது அதே அஸ்ட்ராசெனெகா, இங்கே 2021 தொடக்கத்தில் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரிக்காரருக்கும் மற்றச் சுகாதார ஊழியர்களுக்கும்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது, முதல் ஊசி போட்டவர்களே இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடங்களில் போட்டது சீனாவின் சினோபாம். அது செத்த வைரஸை வைத்துச் செய்த ஊசி, பழைய முறை. விசர்நாய் கடித்தால் ஓடிப்போய்ப் போடுகிறோமே, அதுவும் இந்த முறைதான். லண்டன் வழக்குக்கும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. ஒரு ஊசியின் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து இன்னொரு ஊசியைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகளின் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். கதிரை உயரம் குறைவு, வயது போனவர்களுக்கு முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு ஆச்சி எந்த நாட்டு ஊசி என்று கேட்டு, சீனா என்றதும், “சீனச் சாமான் எத்தினை நாளைக்கு மோனை நிக்கும்?” என்றார். மருத்துவிச்சிப் பிள்ளைக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆச்சி கேட்டதில் விஷயமும் இருந்தது. சினோபாம் முதியவர்களில் அவ்வளவு பலமாக வேலை செய்யவில்லை, அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஊசி வேண்டும் என்று ஒக்ரோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே சொன்னது. ஆச்சி கேட்டார், பதிலைக் கேட்டார், கையையும் நீட்டினார்.

இனி உங்கள் முக்கியமான வாதம். நான் போடவில்லை, எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அம்மாவுக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். உங்களைப் பற்றி நான் சண்டை பிடிக்க மாட்டேன். அப்போது உங்களுக்கு 33 வயது, வேறு வருத்தமும் இல்லை என்றால் ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஐந்தாம் நாள் எழும்பியிருப்பீர்கள், மல்லித்தண்ணி குடிக்காவிட்டாலும்தான். இளம் ஆண்கள் சிலருக்கு பைசர், மொடர்னா போட்ட பிறகு இதயத் தசையில் அழற்சி வந்ததும் உண்மை, அதுவும் அரிது, பெரும்பாலும் சுகமாகிவிடும், ஆனாலும் உண்மை. 33 வயதுக்காரர் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்துவிட்டு எனக்கு வேண்டாம் என்றால் அவரோடு கதைக்கலாம், அவர் ஒன்றும் பைத்தியக்காரர் இல்லை.

72 வயதில், சீனி வருத்தத்தோடு, அதே தராசு வேறு மாதிரி நிற்கும். ஊசி இல்லாமல் அந்த வயதில் தொற்றினால் நூற்றுக்குச் சிலர் போய்விடுவார்கள், சீனி, பிரஷர் இருந்தால் இன்னும் கூட. நூற்றுக்குச் சிலர் என்பது ஐம்பதாயிரத்துக்கு ஒருவர் என்பதோடு பக்கத்தில் வைக்கக்கூடிய எண்ணே இல்லை. அதே நேரம் நூற்றுக்குச் சிலர் என்றால் மிச்சப் பேர் தப்புவார்கள் என்றும்தானே அர்த்தம்? அம்மா முற்றம் கூட்டுகிறார் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோசம், ஆனால் நான் எதிர்பார்த்ததும் அதுதான். உங்கள் முடிவு சரி என்று அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை.

அந்தச் சண்டை முழுவதிலும் எனக்குக் கோபம் வந்தது இதிலேதான். முகப்புத்தகத்தில் ஊசி நல்லதா கூடாதா என்று பிடுங்குப்பட்ட இரண்டு பக்கமும் இருபத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆக்கள். யாருக்கு நல்லது, எந்த வயதில், எந்த மாதத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசும் கேட்கவில்லை: முதலில் மேல் மாகாணத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை வரிசையில் விட்டார்கள், வயது போனவர்களை முன்னுக்கு எடுங்கள் என்று வைத்தியர்கள் அப்போதே கத்தினார்கள். சாவு விழுந்தது யாருக்கு? மே கடைசியில் நாடு முழுவதும் கணக்கில் இருந்த மரணம் சுமார் 1,500. செப்ரெம்பர் கடைசியில் அது 12,000-ஐத் தாண்டிவிட்டது. ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாளைக்கு 200 பேர் என்று போனது. பெரும்பாலானவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள், அவர்களிலும் பெரும்பாலானவர்கள் ஊசி போடாதவர்கள். ஊசி இங்கே பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கியதற்கும் டெல்டா அலை உச்சத்துக்குப் போனதற்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை. நீங்கள் பதிவு போட்டுக்கொண்டிருந்ததும் அந்த மூன்று மாதத்தில்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிசனும் மனிசியும் தனியாக இருந்தார்கள். மகள் லண்டனில், மகன் ரொறன்ரோவில். மகள் தொலைபேசியில் போடச் சொல்லி அழுவார், மகன் இரவில் எடுத்து, அப்பா அவசரப்படாதேங்கோ, இதில் விஷயம் இருக்கு என்று ஒவ்வொரு குரல்பதிவாக அனுப்புவார். மனிசன் இரண்டு பிள்ளைகளையும் பகைக்க விரும்பாமல் அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே வந்தார். விதானையார் கொடுத்த துண்டுச்சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார், பிறகு என்னிடமே எடுத்துக் காட்டினார். ஓகஸ்டில் காய்ச்சல், ஒக்சிசன், பத்தாம் நாள் முடிந்தது. பெட்டியைத் திறக்க விடவில்லை. மகன் ரொறன்ரோவிலிருந்து வர முடியவில்லை. அந்த மகன் அப்போது இரண்டு பைசர் போட்டிருந்தார், வேலைக்குத் தேவை என்று.

அந்த மகனையும் கொலைகாரன் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைச் சொன்னவர்கள் சொன்னது அநியாயம். அப்படிச் சொல்லி ஒருவரும் மனம் மாறியதை நான் பார்க்கவில்லை, வீம்புக்குப் போடாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மச்சான் சாமத்தியவீட்டுக்குச் சொல்லாமல் விட்டது ஊசிக்காகத்தானா அல்லது ஏற்கெனவே காணிப் பிரச்சினை ஏதும் இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் எல்லாச் சண்டைக்கும் ஒரு பழைய வேலி இருக்கும்.

அரசைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. புதைத்தால் நிலத்தடி நீரால் பரவும் என்று ஒரு நிபுணர் குழுவை வைத்துச் சொல்லி, புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் உடல்களை எரித்தார்கள். கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியைச் சுகாதார அமைச்சர் கமராவுக்கு முன்னால் குடித்தார், அடுத்த மாதம் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்படிப்பட்டவர்கள் வந்து விஞ்ஞானம் சொன்னால் சனம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் செய்யும். ஊசி போட்டால் கொரோனாவே வராது என்ற மாதிரிக் கதைத்த அதிகாரிகளும் உங்கள் பக்கத்துக்குத்தான் ஆள் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒமிக்ரோன் வந்தபோது ஊசி போட்டவர்களும் வரிசையாகப் படுத்தோம். 2022 ஜனவரியில், ஏப்ரல் 30-க்குப் பிறகு ஊசி முழுக்கப் போடாதவர்கள் பொது இடங்களுக்குப் போக முடியாது என்று வர்த்தமானி அடித்தார்கள். நான் அப்போதும் அதை ஏற்கவில்லை. ஏப்ரல் வந்தபோது சனம் முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றது, ஊசி அட்டை கேட்க ஒருவரும் வரவில்லை.

ஆனால் அரசை நம்பாமல் இருப்பதும் ஊசியை நம்பாமல் இருப்பதும் ஒன்று என்று எங்கள் சனம் முன்பு நினைத்ததில்லையே தம்பி. தொண்ணூறுகளில் நீங்கள் சின்னப் பிள்ளை. போர் உச்சத்தில் இருந்தபோதும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் சண்டையை நிறுத்த இரண்டு பக்கமும் சம்மதித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த மருந்துதான் அது. குண்டு போட்டவனின் மருந்து என்று சொல்லிப் பிள்ளையின் வாயைப் பொத்திய தாயை நான் காணவில்லை. 1993-க்குப் பிறகு இந்தத் தீவில் போலியோ ஒருவரையும் முடமாக்கவில்லை. உங்களுக்கும் கைக்குழந்தையில் அந்தச் சொட்டு கிடைத்திருக்கும், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், தூக்கிக்கொண்டு போனவர் அவராகத்தான் இருப்பார். பள்ளிக்கூடத்தில் சினோபாம் போட்டதும் ராஜபக்சக்கள் இல்லை, உங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் வந்து போகிற, பேர் சொல்லிக் கூப்பிடுகிற அதே மருத்துவிச்சிதான்.

பதிவைப் பகிர்ந்தவர்கள் முட்டாள்களா என்று கேட்டீர்கள். இல்லை. சினோபாமை நஞ்சு என்று பகிர்ந்தவர்களில் சிலர் பிறகு பைசர் எங்கே போடுகிறார்கள் என்று விசாரித்துத் திரிந்ததும் எனக்குத் தெரியும், நவம்பர் கடைசிவரை கனடாவும் லண்டனும் பயணிகளுக்குச் சினோபாமை ஊசிக் கணக்கிலேயே எடுக்கவில்லை, அதுதான் காரணம். விசா என்று வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஊசிப் பயம் விட்டுப்போகும். எனக்குப் பயம் அவர்களைப் பற்றி இல்லை. அந்தப் பதிவை இரவில் தகப்பனுக்கு வாசித்துக் காட்டிய பிள்ளைகளைப் பற்றித்தான். உங்களுக்காக நீங்கள் எடுத்த முடிவு உங்களோடு. அதை நூற்றுக்கணக்கான வீட்டுக்குள் அனுப்பிய பிறகு, அந்த வீடுகளில் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன வருத்தம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக ஒன்று. விதானையார் வந்ததை எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மச்சான் சாமத்தியவீட்டுக்குச் சொல்லாததும் இருக்கிறது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், அம்மா என்ன சொன்னார் என்று எங்கேயும் இல்லை. அவரிடம் அப்போது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதுங்கள், அதையும் ஒரு சொல் மாற்றாமல் போடுகிறேன்.