அயர்லாந்தில் கார்ப் பயணம்: கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்குப் போடுங்கள்

கேள்வி: நண்பர்கள் நால்வர். மூவர் கோவையிலிருந்து போகிறோம். ஒருவன் டப்ளினில் எம்.எஸ். படிக்கிறான். மே மாதம் எட்டு நாள் கையில் இருக்கிறது. வாடகைக் கார் எடுத்து, வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வேயில் தொடங்கி மேற்குக் கடற்கரை முழுக்கப் பார்த்து, தெற்கே கின்சேல் வரை போய்த் திரும்ப ஆசை. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். நாளுக்கு 400 கி.மீ. போகலாம்தானே?

பதில்: போகலாம், காரைவிட்டு இறங்காமல் இருந்தால். நீங்கள் சொல்லும் மேற்குக் கரைச் சாலைக்கு வைல்ட் அட்லாண்டிக் வே என்று பெயர். டொனிகாலில் இனிஷோவன் தீபகற்பத்திலிருந்து கின்சேல் வரை ஏறத்தாழ 2,500 கி.மீ. அதன் பெரும்பகுதி நெடுஞ்சாலை அல்ல.

அயர்லாந்தில் சாலையின் பெயரில் வரும் முதல் எழுத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 'எம்' என்றால் மோட்டார்வே, வேக வரம்பு மணிக்கு 120 கி.மீ. 'என்' தேசியச் சாலை, பெரும்பாலும் 100. 'ஆர்' வட்டாரச் சாலை, 80. 'எல்' என்று வந்தால் கிராமச் சாலை. அங்கே 80 ஆக இருந்த வரம்பை 2025 பிப்ரவரியில் 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். அந்த 60-ஐத் தொடுவதே பல இடங்களில் கஷ்டம். இருபுறமும் கல்சுவரோ முள்வேலிச் செடியோ இருக்கும். நடுவில் புல் முளைத்திருக்கும். வளைவுக்கு அப்பால் டிராக்டரோ ஆட்டு மந்தையோ நிற்கும். எதிரே கார் வந்தால், அகலமான இடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் எடுத்து ஒதுங்குவதுதான் வழக்கம். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும், அதுதான் அங்கே நன்றி. நம் ஊர் ஹார்ன் பழக்கத்தை மட்டும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

செல்போன் மேப் 'குறுக்கு வழி' என்று காட்டும்போது சந்தேகப்படுங்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க 'எல்' சாலையில் இறக்கிவிடும். கிராமப்பகுதியில் மணிக்கு 50 கி.மீ. என்று கணக்குப் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் திட்டமிடுங்கள்.

அடுத்தது விசா. ஜயன்ட்ஸ் காஸ்வே இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில். எல்லையில் சாவடி எதுவும் இல்லை; மைல் கணக்கில் வேகப் பலகை வந்தால்தான் நாடு மாறியதே தெரியும். அதற்காக விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. கோவையிலிருந்து போகும் மூவரும் குறுகிய கால அயர்லாந்து விசா வாங்கி, அதில் 'பி.ஐ.வி.எஸ்.' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால், முதலில் அயர்லாந்தில் நுழைந்துவிட்டு அதே விசாவில் வடக்கேயும் போகலாம். டப்ளினில் படிக்கும் நண்பருக்குத்தான் சிக்கல்: மாணவர் விசா இந்த ஏற்பாட்டில் வராது, அவர் தனியாக பிரிட்டன் விசா எடுக்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இரண்டு பக்கமும் செல்லாது. உங்களுக்கு இருப்பதோ எட்டு நாள். நானாக இருந்தால் வடக்கை இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைப்பேன்.

என் யோசனை இது. டப்ளினில் சுற்றும் நாளில் கார் வேண்டாம், பார்க்கிங் கட்டணமே தின்றுவிடும். ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் எடுங்கள். எம்6 வழியே கால்வே இரண்டரை மணி நேரம். கிளிஃப்டனில் இரண்டு இரவு தங்கி, சுற்றியுள்ள கானமாரா வட்டாரத்தைப் பாருங்கள். பிறகு பர்ரன் சுண்ணாம்புப் பாறை நிலம், 214 மீட்டர் உயர மோஹர் செங்குத்துப் பாறைகள் வழியாகத் தெற்கே. அங்கிருந்து தென்மேற்கில் உள்ள கெர்ரி மாவட்டத்துக்குப் போக லிமரிக்கைச் சுற்றாதீர்கள். கில்லிமரில் காரோடு படகேறினால் இருபது நிமிடத்தில் ஷானன் ஆற்றைத் தாண்டி டார்பர்ட்டில் இறங்கலாம். டிங்கிளில் இரண்டு இரவு, கில்லார்னியில் ஒன்று, திரும்பும் வழியில் காஷெல் கோட்டைப் பாறை, எம்8 பிடித்து டப்ளின். கின்சேலை இந்த முறை விட்டுவிடுங்கள்.

டிங்கிளில் ஸ்லே ஹெட் சாலையைக் கடிகாரச் சுற்றிலேயே ஓட்டுங்கள், சுற்றுலாப் பேருந்துகளும் அப்படித்தான் போகும். கானர் கணவாயில் 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. ஐரிஷ் பேசும் பகுதி என்பதால் ஊர்ப் பலகைகளில் ஆங்கிலப் பெயர் இருக்காது. போகும் ஊர்களின் ஐரிஷ் பெயரை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 179 கி.மீ. நீளமுள்ள ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச் சாலையை எல்லோரும் சொல்வார்கள். பேருந்துக் கூட்டம் பிடிக்காதென்றால் பக்கத்து பேரா தீபகற்பத்தில் ஹீலி கணவாய் ஏறுங்கள், எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

கார் விஷயத்தில் 'நாலு பேர், பெரிய எஸ்.யு.வி.' என்று போகாதீர்கள். சிறிய கார், ஆளுக்கொரு துணிப்பை. கியர் வண்டிதான் மலிவு. ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். இந்திய லைசென்ஸே போதும். ஆனாலும் வாடகை நிறுவனம் கேட்கக்கூடும் என்பதால் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடுங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் தாளில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேர்த்தியா என்று பாருங்கள். கல்சுவர்ச் சாலையில் அடிபடுவது அவைதான்.

டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம்50-யில் சுங்கச்சாவடியே இல்லை, கேமரா மட்டும். விமான நிலையத்திலிருந்து கால்வே பக்கம் திரும்பினாலே அதைத் தாண்டிவிடுவீர்கள். சுங்கத்தை மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும். வாடகை நிறுவனமே கட்டுமா, நீங்களா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். பங்க்கில் பச்சை முனை பெட்ரோல், கறுப்பு டீசல்.

மாலையில் பப்புக்குப் போவீர்கள். கிராமத்து பப்பில் சமையலறையை ஒன்பது மணிவாக்கில் மூடிவிடுவார்கள். மே மாதம் அந்நேரம் இன்னும் வெளிச்சம் இருப்பதால் ஏமாந்துவிடாமல் முதலில் சாப்பிடுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் மது வரம்பு. ஆளுக்கொரு ரவுண்டு வாங்கும் வழக்கத்தில் அதை எப்போது தாண்டினோம் என்றே தெரியாது. அன்றைக்கு ஓட்டுபவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.