ஜிஐ பில் பணத்தில் விமானம் ஓட்டப் படிக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் மதுரைப் பக்கம். மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவன், வெளிநாட்டவரை எடுத்துக்கொண்ட மாவ்னி திட்டம் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். அவர்களுக்கு வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு அது. 2016-இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ராணுவத்தில் நான் பைலட் இல்லை, கிடங்கில் சாமான் கணக்கு எழுதியவன். வெளியே வந்தபின் ஜிஐ பில், அதாவது படையில் பணி செய்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் கல்வி உதவிப் பணத்தில் பயிற்சி எடுத்து, இப்போது டெக்ஸாஸில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். விஏ என்று நான் எழுதுவது அந்தப் பணத்தைத் தரும் முன்னாள் படைவீரர் துறையை.

அண்ணா, நாலு வருஷம் ஆர்மில இருந்தேன். எனக்கு 100 சதவீதம் ஜிஐ பில் இருக்கு. நேரா ஒரு ஃப்ளைட் ஸ்கூல்ல போய்ச் சேர்ந்தா விஏ மொத்தமும் கட்டிடுமா?

கட்டாது தம்பி. அந்த 100 சதவீதம் நீங்க எவ்வளவு காலம் பணியில் இருந்தீங்க என்பதற்கான அளவு. 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில்லில் 36 மாதம் பணி முடித்தவருக்கு முழுசு, 90 நாள்தான் என்றால் 50 சதவீதம். எவ்வளவு பணம் வரும் என்பது நீங்க எந்த வாசல் வழியா நுழையறீங்க என்பதைப் பொறுத்தது.

தனி ஃப்ளைட் ஸ்கூல் என்றால் அது எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் பார்ட் 141 விதிப்படி அனுமதி பெற்றதாக இருக்கணும், விஏ அங்கீகாரமும் இருக்கணும். மூலையில் ரெண்டு விமானத்தை வைத்துக்கொண்டு, அந்த அனுமதி இல்லாமல் பார்ட் 61 விதியில் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு விஏ பணம் போகாது. அதோடு, பிரைவேட் பைலட் லைசென்ஸ் முதலிலேயே உங்க கையில் இருக்கணும். அதற்கு ஒரு டாலர்கூட வராது. பயிற்சி தொடங்கும் நாளில் எஃப்ஏஏவின் இரண்டாம் வகுப்பு மெடிக்கலும் (உடல்தகுதிச் சான்று) வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு: 2025-26 கல்வியாண்டுக்குச் சுமார் 17,000 டாலர். வீட்டு வாடகைப் படி கிடையாது.

கல்லூரிப் பட்டப்படிப்பின் பகுதியாகப் பறந்தால் கதையே வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

17,000-ல் என்ன வரும்? கமர்ஷியல் லைசென்ஸ் வரைக்கும் போக முடியுமா?

ஒரே வருஷ வரம்பில் முடியாது. இரண்டு வருஷ வரம்பை ஒட்டவைத்தால் பெரும்பாலும் முடியும்.

பார்ட் 141-இல் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, அதாவது கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதிக்கு, குறைந்தது 35 மணி. விமானமும் பயிற்சியாளரும் சேர்த்து மணிக்கு 250 டாலர் என்று வையுங்கள்: 8,750. அடுத்து கமர்ஷியல் 120 மணி. அதில் தனியாகப் பறக்கிற மணிகளும் உண்டு என்பதால் சராசரி குறையும். ஆனாலும் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். ஆக, ஒரு வரம்புக்குள் அடங்காது.

இங்கேதான் நாள்காட்டி வேலை செய்கிறது. விஏவின் கல்வியாண்டு ஆகஸ்ட் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடிகிறது. நான் இது தெரியாமல் செப்டம்பரில் சேர்ந்தேன். பிப்ரவரியில் பணம் காலி. அடுத்த ஆகஸ்ட் வரை ஆறு மாதம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கை துருப்பிடித்திருந்தது. முன்பு முடித்த பாடங்களையே மறுபடி பறந்தேன், அதுவும் புது வரம்பிலிருந்து செலவு. இப்போது என்னிடம் வருகிறவர்களை ஏப்ரல், மே வாக்கில் தொடங்கச் சொல்கிறேன். ஜூலை கடைசிக்குள் பழைய வரம்பைத் தீர்த்துவிட்டு ஆகஸ்ட் 1 காலையில் புது வரம்போடு நிற்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஃப்ளைட் ஸ்கூலில் ஒரு வருஷ வரம்பு முழுவதையும் செலவழித்தால் ஜிஐ பில்லில் உங்களுக்குக் கிடைக்கும் 36 மாத உதவியில் 12 மாதம் கழிந்துவிடும், அதை நீங்கள் மூன்றே மாதத்தில் செலவழித்திருந்தாலும்.

சார், பணியில வந்த உடல்நலக் குறைக்காக எனக்கு விஏ டிசெபிலிட்டி 50 சதவீதம் இருக்கு, அதுல மன அழுத்தமும் ஒண்ணு. எஃப்ஏஏ மெடிக்கல் ஃபாரத்துல அதை எழுதணுமா? எழுதாம விட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு நண்பர் சொல்றார்.

அந்த நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். எல்லாக் கேள்வியிலும் எனக்கு இதுதான் முக்கியம்.

எஃப்ஏஏ மெடிக்கலுக்கான மெட்எக்ஸ்பிரஸ் படிவத்தில் 18-ஆம் கேள்வியில் மருத்துவக் காரணத்துக்காக டிசெபிலிட்டி பணம் வாங்குகிறீர்களா என்று நேராகவே கேட்டிருக்கும். "இல்லை" என்று குறியிட்டால் அது மத்திய அரசிடம் சொன்ன பொய். விஏ கோப்பும் எஃப்ஏஏ கோப்பும் ஒன்றையொன்று பார்க்காது என்ற நம்பிக்கையில் பலர் அப்படிச் செய்தார்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பைலட்டுகள் விசாரணைக்குள் வந்தது 2023-இல் செய்தியானது. விமான நிறுவனங்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

உண்மையை எழுதினால் கதவு சாத்திவிடும் என்பதும் பாதிப் பயம்தான். காதில் இரைச்சல், முழங்கால் வலி என்று 10 சதவீதம் வாங்குகிறவர்கள் என் மாணவர்களில் உண்டு. எழுதினார்கள், அன்றைக்கே மெடிக்கல் கையில் வாங்கினார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியின் பயன்பாட்டு அறிக்கையைக் கொடுத்து வாங்குகிறார்கள். மன அழுத்தம் கொஞ்சம் கடினம், இழுக்கும், செலவும் ஆகும். ஆனால் செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற நாலு மருந்துகளை நிபந்தனையோடு 2010-இலேயே அனுமதித்துவிட்டார்கள்.

வரிசை முக்கியம். படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு விமான மருத்துவரிடம் ஆலோசனைக்கு மட்டும் போங்கள், பரிசோதனைக்கு அல்ல. உங்கள் விஏ ரேட்டிங் கடிதத்தை முழுசாகக் காட்டுங்கள். என்னென்ன காகிதம் சேர்க்க வேண்டும் என்று அவர் சொல்வார். பரிசோதனை தொடங்கிவிட்டால் "வேண்டாம், அப்புறம் வருகிறேன்" என்று எழுந்துவர முடியாது. இது முடியும்வரை எந்த ஸ்கூலிலும் ஒரு டாலர் கட்டாதீர்கள்.

காலேஜ் வழின்னா என்ன அண்ணா? யூனிவர்சிட்டி ஆஃப் நார்த் டகோட்டா மாதிரி இடங்கள்ல ஃப்ளைட் ஃபீஸையும் விஏ கட்டுமாமே?

ஆமாம். அரசுக் கல்லூரியில் விமானப் பட்டப்படிப்பு சேர்ந்து, பறக்கிற பாடங்கள் அந்தப் பட்டத்துக்குத் தேவையானவையாக இருந்தால், உள்மாநிலக் கட்டண அளவில் கல்விக்கட்டணமும் ஃப்ளைட் கட்டணமும் சேர்ந்து வரும். 17,000 வரம்பு இங்கே இல்லை. பிரைவேட் லைசென்ஸும் பாடத்திட்டத்துக்குள்ளேயே வரலாம். வாடகைப் படியும் உண்டு. கல்லூரி இருக்கிற ஊர்க் கணக்கில், குடும்பத்தோடு இருக்கும் ஈ-5 என்ற பதவிநிலைப் படைவீரருக்கு என்ன தருவார்களோ அது. வேறு மாநிலத்துக்காரர் என்று கூடுதல் கட்டணம் கேட்கக்கூடாது என்று 2014-இல் சட்டமே போட்டாயிற்று. எம்ப்ரி-ரிடில் மாதிரித் தனியார் கல்லூரி என்றால் எல்லாம் சேர்த்து 2025-26 கல்வியாண்டுக்கு 29,920 டாலர் வரம்பு. மிச்சத்துக்கு, கல்லூரியும் விஏவும் பகிர்ந்து தரும் யெல்லோ ரிப்பன் திட்டத்தில் என்ன தருவார்கள், அது ஃப்ளைட் கட்டணத்துக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

விமான நிறுவனத்துக்குப் போக ஏடிபி என்ற விமான நிறுவனப் பைலட் சான்றிதழுக்கு 1,500 மணி பறந்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற கல்லூரியில் இளநிலைப் பட்டம் முடித்தால் 1,000 மணி போதும். ராணுவத்திலேயே பைலட்டாக இருந்தவருக்கு 750.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரம்பில்லாத வழியில் சில ஹெலிகாப்டர் படிப்புகள் ஒரே மாணவருக்கு லட்சக்கணக்கில் பில் போட்டு, 2015 வாக்கில் பெரிய சர்ச்சையானது. அதிலிருந்து 85/15 விதியைக் கறாராகப் பார்க்கிறார்கள்: ஒரு படிப்பில் விஏ பணத்தில் படிப்பவர்கள் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் புதிதாகச் சேருகிறவருக்குப் பணம் வராது. சேரும்முன் விஏவுக்கு மாணவர் விவரம் அனுப்பும் கல்லூரிச் சான்றளிப்பு அலுவலரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

வயதும் பொறுமையும் இருந்தால் என் ஓட்டு கல்லூரிக்குத்தான். ஏற்கெனவே டிகிரி இருந்து, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் மட்டும் ஃப்ளைட் ஸ்கூல்.

என் கணவர் நேவியில இருக்கார். அவரோட ஜிஐ பில்லை எனக்கு மாத்தினா நான் பைலட் ஆகலாமா?

தாராளமாக. ஆனால் அவர் பணியில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆறு வருஷம் முடித்திருக்க வேண்டும், இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வந்தபின் மாற்ற முடியாது. அவர் பணியில் இருக்கும்வரை நீங்கள் கல்லூரி வழியில் போனாலும் வாடகைப் படி வராதும்மா.

நான் இன்னும் கிரீன் கார்டுதான். பிரச்சினையா?

ஜிஐ பில்லுக்குப் பிரச்சினை இல்லை. பறக்கப் பழகுவதற்கு டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். குடியுரிமை பெற்றவர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

பழைய மான்ட்கோமெரி ஜிஐ பில் இருக்கு. அதுல?

அதில் அனுமதித்த ஃப்ளைட் கட்டணத்தில் 60 சதவீதம் திரும்ப வரும். உங்களுக்குத் தனித்தனியாக இரண்டு பணிக்காலம் இருந்தால், 2024 ஏப்ரலில் ருடிசில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பாருங்கள். மான்ட்கோமெரி, 9/11-க்குப் பிந்தையது என்ற இரண்டு திட்டத்தையும் சேர்த்து 48 மாதம் வரை உதவி கிடைக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இந்திய விமானப்படையில் ஓய்வு பெற்றவன். எனக்கோ என் மகனுக்கோ இதில் வழி உண்டா?

இல்லை ஐயா. இது அமெரிக்கப் படையில் பணி செய்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்.

வயசு 46. இனிமே ஆரம்பிச்சா அர்த்தம் இருக்கா?

பெரிய விமான நிறுவனங்களில் 65-இல் இறக்கிவிடுவார்கள். மூன்று வருஷத்தில் ஏடிபி எட்டினால் 16 வருஷம் மிச்சம். பயிற்சியாளர் ரேட்டிங்குக்கும் விஏ பணம் கட்டும் என்பதால் மணி சேர்க்கும்போதே சம்பளமும் வரும். சொற்பம்தான், பொய் சொல்லமாட்டேன்.

ஒரு ஸ்கூல்ல 20,000 டாலர் முன்பணம் கட்டச் சொல்றாங்க. விஏ பணம் வந்ததும் திருப்பித் தருவோம்கிறாங்க.

கட்டாதீர்கள். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் ஒரே நாளில் இழுத்து மூடியபோது, கடன் வாங்கி மொத்தமாகக் கட்டிய மாணவர்கள் லைசென்ஸும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில்லில், நீங்கள் பறந்த மணிகளை ஸ்கூல் மாதாமாதம் விஏவுக்கு எழுதி அனுப்பும். பணம் ஸ்கூலுக்கே போகும். முன்பணம் எதற்கு?

அந்த மாதக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் படித்த இடத்தில் 1.3 மணி பறந்ததை ஒருமுறை 1.8 என்று எழுதியிருந்தார்கள். கேட்டபோது தட்டச்சுப் பிழை என்றார்கள். அடுத்த மாதமும் அதே பிழை. அன்றிலிருந்து எஞ்சினைக் கிளப்பும்முன் ஒன்று, அணைத்தபின் ஒன்று என்று ஓடிய மணியைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரை ஃபோனில் படம் எடுத்துவைப்பேன். என் மாணவர்களும் எடுக்கிறார்கள், என் கணக்கையும் சேர்த்துத்தான் சரிபார்க்கிறார்கள்.