இரண்டாவது டிஎன்எஸ் ஸ்டெப்னி அல்ல

ஓசூரில் எட்டுப் பேர் கொண்ட எங்கள் அலுவலகத்தில் ரூட்டரின் டிஎச்சிபியில் (கணினிகளுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தரும் பகுதி) முதல் டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக்கும் சர்வர், 192.168.1.10 (எங்களிடமே ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎன்எஸ் மென்பொருள்), இரண்டாவது 8.8.8.8 (கூகுளின் பொதுச் சேவை). உள் கிட் சர்வர் (நிரல்களைச் சேமிக்கும் இடம்) பெயர் சில நேரம் திறக்கிறது, சில நேரம் "இல்லை" என்கிறது. ஏன்?

முதலாவது படுத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று நம்பித்தான் பலரும் இப்படிப் போடுகிறார்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி வரிசைப்படி கேட்கும். 5 விநாடி பதில் வராவிட்டால் அடுத்ததற்குத் தாவும். பல லினக்ஸ்களில் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்ட் அப்படியல்ல: ஒருமுறை தாவினால் அங்கேயே தங்கிவிடும். 8.8.8.8-க்கு உங்கள் உள் பெயர் தெரியாது, ஆகவே "அப்படி ஒரு பெயரே இல்லை" என்கிறது. அது பிழையல்ல, முறையான பதில். அதனால் கணினி வேறு யாரிடமும் மறுபடி கேட்காது.

டிஎச்சிபியில் 192.168.1.10 மட்டும் இருக்கட்டும். பொதுச் சேவையை டிஎன்எஸ்மாஸ்குக்கு மேலே, அதன் 'சர்வர்' வரியில் கொடுங்கள். உள் டொமைனை 'லோக்கல்' வரியில் எழுதினால் அந்தக் கேள்விகள் வெளியே போகாது. கேச் (கிடைத்த பதில்களை நினைவில் வைக்கும் இடம்) இயல்பாக 150 பெயர்கள்தான், 1000 ஆக்குங்கள். ஒரு பெட்டி நின்றால் எல்லாமே நிற்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து, அதே பதிவுகளோடு இன்னொரு டிஎன்எஸ்மாஸ்க்; டிஎச்சிபியில் இரண்டாவதாக அதைப் போடுங்கள். கரண்ட் போகும் ஊரில் இரண்டையும் ரூட்டரின் யுபிஎஸ்ஸிலேயே மாட்டுங்கள்.

இதற்குப் பிறகும் மக்கர் செய்தால் இரண்டு இடம் பாருங்கள். ரூட்டர் ஐபிவி6 வழியாக வேறொரு டிஎன்எஸ் முகவரியை அறிவிக்கலாம். பிரவுசரின் 'செக்யூர் டிஎன்எஸ்'ஸில் யாராவது பொதுச் சேவையைத் தேர்ந்திருக்கலாம். அப்போது உங்கள் சர்வரை அது கேட்கவே கேட்காது.

தர்மபுரியில் வீட்டிலிருந்து வேலை. பொது டிஎன்எஸ்ஸுக்கு கூகுளா (8.8.8.8), கிளவுட்ஃப்ளேரா (1.1.1.1), குவாட்9-ஆ (9.9.9.9)?

டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும் 'டிக்' கட்டளையால் மூன்றையும் உங்கள் இணைப்பிலிருந்தே கேட்டு, 'கொயரி டைம்' பாருங்கள். ஒரே பெயரைத் திரும்பக் கேட்டால் கேச் பதில்தான் வரும். பத்து வெவ்வேறு பெயர்களைக் கேளுங்கள். சில மில்லிவிநாடி வித்தியாசத்துக்காக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். 9.9.9.9 தீங்கான டொமைன்களைத் தடுக்கும். 8.8.8.8 உங்கள் ஐபியின் முன்பகுதியை, ஏற்கும் சர்வர்களுக்கு அனுப்பும். அதனால் சில சிடிஎன்கள் (தளங்களைப் பல ஊர் சர்வர்களிலிருந்து தரும் சேவைகள்) அருகிலுள்ள சர்வரைக் காட்டும். 1.1.1.1 தனியுரிமைக்காக அதை அனுப்புவதில்லை.

பாலக்கோட்டிலிருந்து: தளத்தைப் புது சர்வருக்கு மாற்றினேன். பாதிப் பேருக்குப் பழையதே தெரிகிறது.

டிடிஎல், அதாவது பதிலைக் கேச்சில் வைத்திருக்கலாம் என்ற விநாடிக் கணக்கு, 86400 என்றிருந்தால் 24 மணி நேரம் வரை அப்படித்தான். பழைய சர்வரை அதுவரை அணைக்காதீர்கள். கூகுளுக்கும் கிளவுட்ஃப்ளேருக்கும் கேச் அழிக்கும் பக்கங்கள் உண்டு. மற்றவர்களின் கேச் உங்கள் கையில் இல்லை. அடுத்த முறை டிடிஎல்லை 300 ஆக்கி, பழைய டிடிஎல் முழுதும் கழிந்த பிறகே ஐபியை மாற்றுங்கள். மாற்றியது நேம்சர்வர் (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) என்றால் .காம் தரப்பின் டிடிஎல் 172800, அதாவது இரண்டு நாள்.

கிருஷ்ணகிரி வாசகர்: டெவலப்மென்டுக்கு .டெவ் என முடியும் பெயர் வைக்கலாமா?

வேண்டாம். அது உண்மையான டொமைன். பிரவுசர் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்காது. .லோக்கல், எம்டிஎன்எஸ்ஸோடு (தனி சர்வர் இல்லாமல் உள் நெட்வொர்க்கில் பெயர் தேடும் முறை) மோதும். .டெஸ்ட் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது.