பெயரில்லாமல் வந்த நூல்

கேள்வி: கொள்கைக்காக எல்லாவற்றையும் இழந்தவர் என்று தத்துவ அறிஞர் ஸ்பினோசாவைப் போற்றுகிறார்கள். ஆனால் அவர் ஒரு நூலைத் தம் பெயர் போடாமல் வெளியிட்டார். தலையாய நூலை உயிரோடிருந்தவரை அச்சேற்றவே இல்லை. இது கோழைத்தனம் ஆகாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அச்சம் இருந்தது, அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அவருடைய நண்பர் அட்ரியான் கூர்பாக், சமய நம்பிக்கைகளைக் கடுமையாக ஆராயும் நூலொன்றை 1668இல் அறிஞர்களின் லத்தீனில் அல்லாமல் பொதுமக்கள் படிக்கும் டச்சு மொழியில் வெளியிட்டதற்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் சிறையில் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஸ்பினோசாவின் நூலில் ஆசிரியர் பெயர் இல்லாததோடு, அச்சிட்ட ஊரும் பொய்யாகவே குறிக்கப்பட்டிருந்தது. அதை டச்சில் கொண்டுவர நடந்த முயற்சியையும் தடுத்து நிறுத்தும்படி நண்பருக்கு அவரே எழுதினார்.

எனினும், நினைத்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதையும் நினைக்காததைச் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் இயலவில்லை. முன்னதை ஸ்பினோசா செய்தார். பின்னதைச் செய்ததாகச் சான்றில்லை. 1656இல், இருபத்து மூன்று வயதில், ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கிவைத்தது. அவரோடு யாரும் பேசக்கூடாது, ஒரே கூரையின்கீழ்த் தங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்பது ஆணை. மன்னிப்புக் கேட்டுத் திரும்பிய வேறு சிலர் அச்சமூகத்தில் உண்டு, அவர் திரும்பவில்லை.

1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் பதவி தேடி வந்தது. முழுச் சிந்தனைச் சுதந்திரம் உண்டு, ஆனால் நாட்டின் சமயத்தைக் குலைக்க அதைப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறோம் என அழைப்பில் ஒரு வரி இருந்தது. அந்தச் சுதந்திரத்தின் எல்லை எதுவென்று தமக்குத் தெரியவில்லை என்று பணிவாக எழுதி மறுத்துவிட்டார். கண்ணாடி வில்லை தீட்டிப் பட்டினி கிடந்த ஞானி என்று அவரைச் சித்திரிப்பது சற்று மிகைதான், நண்பர்கள் உதவினார்கள். ஆனால் ஆண்டுக்கு 500 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) தர ஒரு குடும்பத்தினர் முன்வந்தபோது, 300 போதும் என்று குறைத்துக்கொண்டதாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாற்று நூலொன்று கூறுகிறது.

கூர்பாக்கைவிட அவர் துணிச்சல் மிக்கவர் என்று நான் வாதாட மாட்டேன். தம் தலையாய நூலான 'அறவியல்' என்பதை ஸ்பினோசா 1675இல் அச்சுக்குக் கொடுக்க முனைந்து, எதிர்ப்பு மூள்வதைக் கண்டு நிறுத்தினார். ஆனால் எதிர்ப்பவர்களைச் சமாதானப்படுத்த அதை இறைநம்பிக்கைக்கு இசைவாகத் திருத்தி எழுதவில்லை. 1677இல் அவர் மறைந்த சில மாதங்களில் நண்பர்கள் அதை வெளியிட்டார்கள்; மறு ஆண்டே ஹாலந்து அரசு அதற்குத் தடை விதித்தது.